சோர்வுக்கு ஓர் எண் போதுமா?

வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி



நம் விடுதிகளில் இப்பொழுது இரண்டு பேச்சுகள் மிகுதியாகக் கேட்கின்றன. ஒன்று, "எப்போது பார்த்தாலும் களைப்பாகவே இருக்கிறது" என்பது. மற்றொன்று, "தைராய்டு பார்த்தாயா?" என்பது. முன்னது முறையீடு, பின்னது அதற்கு உடனே கிடைக்கும் மறுமொழி. கைப்பேசியில் பணம் கட்டினால் மறுநாட் காலை ஒருவர் விடுதி வாயிலுக்கே வந்து குருதி எடுத்துச் செல்கிறார். மாலைக்குள் எண்கள் வந்துவிடுகின்றன. ஏதேனும் ஓர் எண் எல்லையை மீறியிருந்தால் அது தடித்த எழுத்தில் நிற்கிறது. அத்தடித்த எழுத்தைக் கண்டவுடன் சிலர் வாழ்நாள் நோயாளியாகிவிட்டதாகக் கலங்குகின்றனர். அது இல்லாததைக் கண்டவுடன் வேறு சிலர், "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் சோம்பல்" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இரு சாராரும் எண்ணைப் பார்க்கின்றனரேயன்றி, எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

நான் மருத்துவம் பயில்பவள் அல்லள், வேதியியல் பயில்பவள். ஆனால் அளவீடு என்பது எங்கள் துறையின் உயிர்நாடி. ஆய்வகத்தில் ஓர் எண்ணை எழுதிக் காட்டினால், எந்தக் கருவி, எத்தனை முறை, பிழை எவ்வளவு என்று கேளாமல் எந்தப் பேராசிரியரும் கையெழுத்திடமாட்டார். ஒரு குப்பி உப்புக் கரைசலுக்கு இத்தனை கேள்வி கேட்கும் நாம், நம் சொந்தக் குருதியைப் பற்றிய எண்ணை மட்டும் ஒரு கேள்வியும் கேளாமல் ஏற்றுக்கொள்வது எவ்வகை நியாயம்?

முதலில் அந்தச் சுரப்பியைப் பற்றி இரண்டு சொல். முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு. கேடயச் சுரப்பி என்று தமிழில் வழங்குவோரும் உளர். எடை ஏறத்தாழ 20 கிராம்தான். ஆயினும் உடம்பின் அடுப்பு எவ்வளவு சுடரோடு எரிய வேண்டும் என்பதை அது சுரக்கும் ஹார்மோன்கள் வகுக்கின்றன. அவற்றுள் டி-4 என்பதில் நான்கு அயோடின் அணுக்களும், டி-3 என்பதில் மூன்று அயோடின் அணுக்களும் உள்ளன. இச்சுரப்பியை வேலை வாங்குவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி. அது அனுப்பும் கட்டளையே டி.எஸ்.எச்.

நம் ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி விசாரிக்கும் பெரியவர் வாசலில் நிற்கிறார். சமையற்கட்டிலிருந்து சாம்பார் ஒழுங்காக வரும்வரை அவர் குரல் தாழ்ந்தே இருக்கும். வரத்துக் குறையக் குறையக் குரல் உயரும். டி.எஸ்.எச். என்பது அவருடைய குரல்; டி-4 என்பது சாம்பார். குரல் உயர்ந்து சாம்பாரும் குறைந்துவிட்டால், அது ஐயத்துக்கு இடமில்லாத தைராய்டுக் குறை. குரல் உயர்ந்திருக்கிறது, ஆனால் இலைகளில் சாம்பார் போதுமான அளவு விழுந்துகொண்டிருக்கிறது என்றால், அது குறையின் தொடக்கமாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். சாம்பார் பெருக்கெடுத்து ஓடும்போது பெரியவர் வாய் திறக்கமாட்டார். டி-4 மிகுந்து டி.எஸ்.எச். மிகத் தாழ்ந்தால் சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்கிறது என்று பொருள். அந்நிலையிலும் களைப்பு வரும்; உடன் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும். அருமையாகச் சில வேளைகளில் சாம்பாரும் இல்லை, குரலும் இல்லை என்ற நிலை உண்டு. அங்கே பெரியவரே தூங்கிவிட்டார், பழுது பிட்யூட்டரியில். டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்த்தால் இந்நிலை பிடிபடாமற் போகும்.

பின் ஏன் மருத்துவர்கள் டி.எஸ்.எச். அளவையே முதலில் கேட்கின்றனர்? அது மிகக் கூர்மையான காட்டி என்பதால். டி-4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இரண்டு மடங்காவதில்லை, நூறு மடங்கு அளவுக்குக்கூட உயரக்கூடும். சிறு குறையையும் பெருக்கிக் காட்டும் இக்கூர்மைதான் அதன் சிறப்பு. பெருக்கிக் காட்டும் கருவி சிறு அசைவையும் பெரிதாகக் காட்டும் என்பதை ஆய்வகத்தில் நின்றவர் அறிவர்.

இனி அந்த எல்லைக்கு வருவோம். அறிக்கையில் டி.எஸ்.எச். எண்ணுக்குப் பக்கத்தில், லிட்டருக்கு 0.4 முதல் 4 அல்லது 4.5 மில்லி அலகு வரை என்று ஏதோ ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இது சற்று மாறும். இவ்வரம்பை யார் வகுத்தார்? நோயற்றவர் எனக் கருதப்படும் பலரின் குருதியைச் சோதித்து, எண்களை வரிசைப்படுத்தி, மேலே நூற்றுக்கு இரண்டரை, கீழே நூற்றுக்கு இரண்டரை நீக்கி, நடுவிலுள்ள 95 பேருடைய எல்லையே "இயல்பு" என்று எழுதுகின்றனர். அப்படியானால் நலமாக உள்ள நூறு பேரில் ஐவர் வரம்புக்கு வெளியே நிற்பது அவ்வரையறையிலேயே அடங்கியிருக்கிறது.

இதைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை ஒரு நலமான மனிதருக்குச் செய்தால், இருபதும் வரம்புக்குள் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 0.95 என்பதை இருபது முறை பெருக்குங்கள், ஏறத்தாழ 0.36 வரும். அதாவது நலமான நூறு பேரில் 64 பேருக்கு ஏதேனும் ஒரு தடித்த எழுத்தாவது வந்தே தீரும். இன்று நமக்கு மலிவாக விற்கப்படும் "முழு உடல் தொகுப்பு"களிலோ இருபதல்ல, அறுபது எழுபது சோதனைகள்! அவற்றுட் பல ஒன்றையொன்று சார்ந்தவை ஆதலால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் திசை அதுதான். வலை பெரிதானால் மீனோடு தழையும் சேர்ந்து வரும்.

டி.எஸ்.எச். அளவு நாள் முழுதும் ஒன்றாக இருப்பதுமில்லை. நள்ளிரவு முதல் விடியற்காலை வரை உயர்ந்தும், பிற்பகலில் தாழ்ந்தும் நிற்பது அதன் இயல்பு. இரவு முழுதும் கண்விழித்தால் மேலும் உயரும். கடும் நோயிலிருந்து தேறும்போதும் சில நாள் உயர்ந்திருக்கும். ஒரே மனிதருக்கு ஒரே வேளையில் வெவ்வேறு நாள் எடுத்தாலும் 40 விழுக்காடு வரை மாறக்கூடும் என்று அமெரிக்கத் தைராய்டு மருத்துவர்களின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. ஆகவே ஒரு முறை 5.5 என்றும் மறுமுறை 3.8 என்றும் வந்தால், நோய் வந்து போயிற்று என்று கொள்ள வேண்டியதில்லை. சற்று உயர்ந்த எண் ஒன்று வந்தால் ஆறு முதல் எட்டு வாரம் அல்லது அதற்குமேலும் பொறுத்து, தடையற்ற டி-4 அளவோடு சேர்த்து மீண்டும் பார்ப்பதே மருத்துவ மரபு.

"தடையற்ற டி-4" என்பதை ஏன் அழுத்திக் கூறுகிறேன்? டி-4இன் பெரும்பகுதி குருதியிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு உலவுகிறது. ஒட்டாமல் தனித்து நிற்கும் மிகச் சிறு பகுதியே வேலை செய்கிறது. மலிவுத் தொகுப்புகள் பலவற்றில் மொத்த டி-4 அளவே இருக்கும். கருத்தடை மாத்திரை உண்போர்க்கும் கருவுற்றோர்க்கும் அப்புரதம் கூடுதலாதலால் மொத்த அளவு உயர்ந்து தோன்றும்; அது நோயன்று.

இன்னொரு கண்ணியும் உண்டு. வடநாட்டுத் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்று நம்மிற் பலர் பயோட்டின் மாத்திரை உண்கிறோம். தைராய்டுச் சோதனைகள் பலவற்றில் பயோட்டினையே ஒட்டும் பசையாகப் பயன்படுத்துகின்றனர். குருதியில் அது மிகுந்திருந்தால் கணக்குக் கெட்டு, டி.எஸ்.எச். பொய்யாகத் தாழ்ந்தும் டி-4 பொய்யாக உயர்ந்தும் தோன்றலாம். அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2017இல் இதைக் குறித்தே எச்சரிக்கை விடுத்தது. முடி மாத்திரை உண்பவர் சோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நலம்.

இவையெல்லாம் ஏட்டுச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். 2024ஆம் ஆண்டு நவம்பரில் எனக்கே இக்கேள்வி வந்தது. திருநெல்வேலியிலிருந்து திருக்குறள் விரைவு வண்டியில் இரண்டு இரவு கடந்து தில்லிக்கு வந்தவள் நான். அப்பருவத்தில் என்.எம்.ஆர். கருவி எங்கள் குழுவுக்கு இரவில்தான் கிடைத்தது. இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிற்று. எட்டு மணி நேரம் உறங்கினாலும் விடியும்போது உடம்பு எழ மறுத்தது. அறைத்தோழியர் சேர்ந்து தொகுப்புச் சோதனைக்குப் பதிந்தபோது நானும் பதிந்தேன். டி.எஸ்.எச். 6.2, வரம்பு 4.2 வரை. மொத்த டி-4 இயல்பு.

செய்தி ஊருக்குப் போயிற்று. அம்மா தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "தைராய்டுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லிராத. நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவுக காதுல விழுந்தா என்ன ஆகும்?" என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவோ, "நான் அம்பது போடுதேன், நீயும் அதையே வாங்கிப் போடு, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். ஒருவர் மறைக்கச் சொன்னார்; ஒருவர் விழுங்கச் சொன்னார். இருவரும் அன்பினாற் சொன்னார்கள். என்ன நோய் என்று தெரியுமுன்னே அதற்கு ஒரு வெட்கமும் ஒரு மாத்திரையும் தயாராகிவிட்டதை எண்ணித்தான் எனக்குக் கவலை வந்தது. ஒரு பெண்ணின் குருதியிலுள்ள ஓர் எண் அவளுடைய திருமணச் சந்தையின் விலைச்சீட்டாக மாறும் நாட்டில், அந்த எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிவது அறிவியலுக்கு மட்டுமன்று, தன்மானத்துக்கும் வேண்டியது.

நான் மாத்திரை வாங்கவில்லை. அறிக்கை முழுவதையும் படித்து, வட்டமிட்டு எடுத்துக்கொண்டு ஒரு பெண் மருத்துவரிடம் சென்றேன். என் நண்பர் அனைவரும் டி.எஸ்.எச். எண்ணையே கேட்ட அதே அறிக்கையின் முதற் பக்கத்தில், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.4 கிராம் என்றிருந்தது. பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் சோகை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவு. மருத்துவர் அதைத்தான் முதலிற் பார்த்தார். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை எடுத்தார். அது அடிமட்டத்தில் இருந்தது. "தைராய்டை எட்டு வாரம் கழித்து, ஒழுங்காகத் தூங்கிய பிறகு பார்ப்போம், இரும்பை இன்றே தொடங்குவோம்" என்றார். 2025 சனவரியில் டி.எஸ்.எச். 3.6, தடையற்ற டி-4 இயல்பு, சுரப்பியை எதிர்க்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் இல்லை. ஏப்பிரலுக்குள் மாடிப்படி பழைய மாடிப்படியாயிற்று.

இங்கே ஒன்று சிந்திக்க வேண்டும். அக்கா சொன்னபடி மாத்திரையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாம் சோதனையில் டி.எஸ்.எச். குறைந்திருக்கும். "பார்த்தாயா, மாத்திரை வேலை செய்கிறது" என்று எல்லாரும் சொல்லியிருப்பர். களைப்பு மட்டும் அப்படியே நின்றிருக்கும், அளவைக் கூட்டியிருப்பர். உண்மைக் காரணம் மறைந்தே கிடந்திருக்கும். தவறான விடை, எந்த விடையும் இல்லாததைவிடத் தீங்கானது. அது தேடுதலை நிறுத்திவிடுகிறது.

இது என் ஒருத்தியின் கதையன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு. தைராய்டுக் குறையும் அரிதன்று. எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 11 பேர் அளவில் அது காணப்பட்டது. இரண்டையும் ஒப்பிடுங்கள். களைத்துப்போன ஒரு மாணவியின் குருதியில் முதலில் எதைத் தேட வேண்டும்? தைராய்டைத் தேட வேண்டாம் என்று நான் கூறவில்லை. அதை மட்டும் தேடி நின்றுவிட வேண்டாம் என்கிறேன். இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்தும் வரும். டி-4ஐ ஆக்கும் நொதியின் நடுவிலேயே இரும்பு இருக்கிறது. தைராய்டு குறைந்தால் மாதவிலக்குக் குருதி மிகுந்து இரும்பு கரைவதும் உண்டு.

மறுபக்கமும் கூறாவிட்டால் நான் நடுநிலை தவறியவளாவேன். சென்ற ஆண்டு தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த முதலாண்டுத் தம்பி ஒருவர், பதினொரு மணி நேரம் உறங்கினார். காலை வகுப்புகளைத் தவறவிட்டார். அறைத்தோழர்கள் கும்பகருணன் என்று பெயர் வைத்தனர். எடை கூடியபோது உணவுக்கூடச் சாப்பாடு ஒத்துக்கொண்டது என்றனர். சனவரிக் குளிரில் இரண்டு கம்பளிச் சட்டை போட்டபோது யாரும் வியக்கவில்லை. தென்னாட்டார் அனைவரும் அப்படித்தானே போடுகிறோம்! பொங்கல் விழாப் பாட்டுப் பயிற்சியில் அவர் குரல் தடித்துக் கரகரத்தது, தொண்டைக்கட்டு என்றனர். முகம் வீங்கிய பின்னரே ஒருவர் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். டி.எஸ்.எச். 80ஐத் தாண்டியிருந்தது, தடையற்ற டி-4 மிகத் தாழ்ந்திருந்தது. இவ்வெண்ணுக்கு எட்டு வாரம் பொறுத்திருக்க வேண்டிய தேவை இல்லை. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் அவர் மீண்டும் பாடினார். இதை எழுத அவரே இசைவு தந்தார்.

குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், குரல் தடித்தல், மறதி, மெதுவான நாடித்துடிப்பு, எடை கூடுதல் ஆகியவை களைப்போடு சேர்ந்து வந்தால் தைராய்டின்மேல் ஐயம் வலுக்கிறது. ஆனால் வீட்டைவிட்டு வந்த தென்னாட்டு மாணவருக்கு இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் கைவசம் இருக்கிறது. குளிருக்குத் தில்லி, முடிக்குத் தண்ணீர், மலச்சிக்கலுக்குச் சப்பாத்தி, மறதிக்குத் தேர்வு, தூக்கத்துக்குச் சோம்பல்! விளக்கம் எளிதாகக் கிடைப்பதே நமக்குள்ள இடர். அந்தத் தம்பிக்கு ஒரு குருதிச் சோதனை சில மாதங்களுக்கு முன்பே செய்யப்பட்டிருந்தால் அவருடைய வருகைப் பதிவும் மானமும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

ஆகவே சோதனையைப் பழிப்பது என் நோக்கமன்று. அதன் வரலாறு பெருமைக்குரியது. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர், தைராய்டு செயலற்று வீங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றைச் செலுத்தினார். அப்பெண்மணி அதன்பின் 28 ஆண்டு வாழ்ந்தார். 1914இல் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927இல் ஆரிங்டனும் பார்கரும் அதை ஆய்வகத்தில் ஆக்கிக் காட்டினர். நம் நாட்டில் 1956இல் வி. இராமலிங்கசுவாமி காங்கிரா பள்ளத்தாக்கில் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார். முன்கழுத்துக் கழலை குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் எழுந்தது. இன்று இயற்கை உணவு என்று சொல்லி இந்துப்புக்கு மட்டும் மாறும் நண்பர்கள், அதில் போதுமான அயோடின் இல்லை என்பதையும் அறிவார்களாக.

இனி நடுவிலுள்ளோர்க்கு வருவோம். டி.எஸ்.எச். 4.5க்கும் 10க்கும் இடையில், டி-4 இயல்பு. மாத்திரை வேண்டுமா? பெரும்பாலோர்க்கு உடனே வேண்டியதில்லை. மீண்டும் பார்த்துக் காத்திருக்கலாம் என்பதே பல வழிகாட்டிகளின் கருத்து. 65 வயதுக்கு மேற்பட்ட, இத்தகைய இலேசான குறையுள்ள 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை எண்ணைத் திருத்தியது; களைப்பைத் திருத்தவில்லை. முதியோரின் முடிவை இளையோர்க்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் எண் திருந்துவதும் மனிதர் தேறுவதும் வேறு வேறு என்பதற்கு அது சான்று. டி.பி.ஓ. எதிர்ப்பொருள் இருந்தால் கண்காணிப்புக் கூடுதலாக வேண்டும், உயர்ந்த டி.எஸ்.எச்.சும் எதிர்ப்பொருளும் சேர்ந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு நால்வர் அளவில் முழுக் குறைக்குச் செல்வதாக இங்கிலாந்தில் இருபது ஆண்டு தொடர்ந்த ஆய்வொன்று கண்டது. 10ஐத் தாண்டினால் பொதுவாக மருந்து தொடங்குவர். கருவுற்றோர்க்கும் கருவுற விரும்புவோர்க்கும் கணக்கே வேறு. அவர்கள் காத்திராமல் மருத்துவரைக் காண வேண்டும்.

மருந்து தேவைப்படுவோர் அதை நாணத்தோடு உண்ண வேண்டியதில்லை. அது அயலான நஞ்சன்று. சுரப்பி தரவேண்டிய அதே பொருள். விலையும் மலிவு. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியைத் தள்ளிவைக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி இடைவெளி வேண்டும். நமக்குக் காப்பியைத் தள்ளிவைப்பதுதான் கடினம். ஆயினும் செய்ய வேண்டும்.

இறுதியாக, நம் மன்றம் செய்யக்கூடிய பணி ஒன்றைக் கூறுகிறேன். நான் முதன்முதல் ஒரு மருத்துவ நிலையத்துக்குத் தனியே சென்றபோது எனக்குத் தெரிந்த இந்திச் சொல் "கம்ஜோரி" ஒன்றே. அதைச் சொன்னேன், ஒரு நிமிடத்தில் சத்து மாத்திரைச் சீட்டு வந்தது. அந்த மருத்துவரை மட்டும் நான் குறைசொல்லமாட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. ஆனால் தமிழில் நமக்கு எத்தனை சொற்கள்! உழைத்தபின் வந்து ஓய்ந்தால் தீர்வது களைப்பு. உடம்பு கனத்துக் கண் செருகுவது அசதி. எங்கள் நெல்லையில் அதையே சடவு என்போம். மனமும் சேர்ந்து விழுவது சோர்வு. படியேறினால் மூச்சு வாங்குவது இளைப்பு. எழுந்து நின்றால் உலகம் சுழல்வது கிறுகிறுப்பு. இளைப்பு என்றால் மருத்துவர் சோகையை நினைப்பார். அசதியோடு குளிரும் மலச்சிக்கலும் என்றால் தைராய்டை நினைப்பார். எதிலும் விருப்பமில்லாத சோர்வு இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வை நினைப்பார். இத்தனையும் "கம்ஜோரி" என்னும் ஒரு சொல்லுக்குள் மூழ்கிவிடுகின்றன. மொழி தெரியாத ஊரில் நாம் இழப்பது பேச்சை மட்டுமன்று, நோயின் அடையாளத்தையும்தான்.

ஆதலால் மன்றத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, இந்தி நன்கறிந்த மூத்த மாணவ மாணவியர் சிலர், மருத்துவரிடம் செல்லும் இளையோருக்குத் துணையாகச் செல்ல முன்வரட்டும். இரண்டாம் முறை எனக்கு அப்படி ஓர் அக்கா வந்தார்கள். பத்து நிமிடத்தில் என் ஆறு மாதக் கதையை மருத்துவர் புரிந்துகொண்டார். இரண்டாவது, மருத்துவரிடம் கூற வேண்டியவற்றை ஒரு தாளில் தமிழிலும் இந்தியிலும் அச்சிட்டுப் புதிய மாணவருக்குக் கொடுப்போம். எப்போது தொடங்கிற்று, எவ்வளவு உறக்கம், என்ன உணவு, மாதவிலக்கு எப்படி, என்ன மாத்திரைகள், வீட்டில் யாருக்கேனும் தைராய்டு உண்டா, இவ்வளவே. மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மருத்துவரை அழைத்து, குருதி அறிக்கையைப் படிப்பது எப்படி என்று ஒரு மாலைப் பேச்சு வைப்போம். கவியரங்கம் வைக்கும் மன்றத்துக்கு இது இயலாததன்று.

அதுவரை, களைத்திருக்கும் தோழருக்கு நான் சொல்வது இது. இரண்டு வாரம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்கிப் பாருங்கள். தேறாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள், ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., பி-12 முதலியவற்றுள் எவை தேவை என்பதை அவர் கூறட்டும். காரணமின்றி எடை குறைந்தாலோ, மாலைக் காய்ச்சல் வந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலோ இரண்டு வாரம் பொறுக்கவும் வேண்டாம், காசநோயை விலக்கிக்கொள்ளுங்கள். மனம் இருண்டிருந்தால் 14416 என்னும் அரசின் டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். அங்கே தமிழிலும் பேசலாம். பிறருடைய மாத்திரையை வாங்காதீர்கள், உங்களுடையதைக் கொடுக்காதீர்கள்.

களைத்திருக்கும் தோழரைப் பார்த்துக்கொண்டிருப்போருக்கும் ஒரு சொல். "சோம்பேறி" என்று அழைக்குமுன் "என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தமிழிற் கேட்க இந்த ஊரில் நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?